உப்புக்காற்றில் ஏசி: ராமநாதபுரம் கடலோரத்துப் பழைய வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கடலோரத்தில் ஒரு பழைய வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை மாறுதலில் வந்திருக்கலாம். வளைகுடா நாட்டிலிருந்து திரும்பி, அப்பா கட்டிய வீட்டுக்கே வந்திருக்கலாம். மதுரையில் ஆறேழு வருடம் தொல்லை தராமல் ஓடுகிற அதே ஏசி, இங்கே இரண்டாவது கோடையிலேயே குளிர் குறைந்து, அடுத்த கோடையில் "காயில் போச்சு" என்ற நிலைக்கு வந்துவிடும். காயில் என்பது குளிரூட்டும் கேஸ் ஓடும் குழாய்ச் சுருள். இந்தச் சிக்கலில் நான் அலைந்த அலைச்சலும், திரும்பத் திரும்பக் கேஸுக்குக் கொடுத்த காசும் கொஞ்சமில்லை. உங்களுக்கு அது வேண்டாம்.

இங்கே ஏசியைக் கெடுப்பது பெரும்பாலும் உப்பு. அதனால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள்: நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும், ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடிக்கக் கூடாது, செய்த வேலைக்கு எழுத்தில் ரசீது வேண்டும்.

1. யாரையும் கூப்பிடும் முன் காகிதங்களை எடுத்து வையுங்கள்

வாங்கிய பில், வாரண்டி கார்டு, இதற்கு முன் செய்த சர்வீஸ் ரசீதுகள், வாடகை வீடு என்றால் ஒப்பந்தப் பத்திரம். இவற்றை ஒரு கவரில் போட்டு வையுங்கள். கடைகளில் தரும் மெஷின் பில் பல நேரம் வெப்பத்தாளில் அச்சானது. ஒரே வருடத்தில் எழுத்து மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் வெளியே போய் அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். மாடல், சீரியல் நம்பர், எந்த கேஸ், எத்தனை கிலோ என்று எல்லாம் அதில் இருக்கும். வெயிலும் உப்பும் பட்டு அந்த ஸ்டிக்கர் உதிர்ந்துவிட்டால் கேஸ் அளவைச் சொல்ல ஆள் கிடையாது, வாரண்டி கேட்கவும் சிரமம். உள்ளே இருக்கும் யூனிட்டின் ஸ்டிக்கரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி கார்டை வரி விடாமல் படியுங்கள். இப்போது பல கம்பெனிகள் முழு ஏசிக்கு 1 வருடம், பிசிபி போர்டுக்கு (ஏசியை இயக்கும் மின்னணுப் பலகை) 5 வருடம், கம்ப்ரசருக்கு 10 வருடம் என்று தருகின்றன. கம்ப்ரசருக்கு 10 வருடம் என்பதைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். கடலோரத்தில் முதலில் போவது காயில். அதற்கு எத்தனை வருடம், உப்பு அரிப்பை விலக்கியிருக்கிறார்களா, வெளி ஆள் கை வைத்தால் வாரண்டி ரத்தாகுமா என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். உப்பு அரிப்பு சேராது என்று பல கார்டுகளில் சிறிய எழுத்தில் இருக்கும்.

வாடகைக்கு இருப்பவர்கள், ஏசி வீட்டுக்காரருடையது என்றால், கழுவுகிற செலவு யாருடையது, காயில் போனால் யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் பின்னால் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு.

2. நீங்களே ஒருமுறை பாருங்கள்

பிரேக்கரை அணைத்துவிட்டு அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் போங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றை ஃபின் என்பார்கள். விரலால் மெதுவாகத் தொடுங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடி போல உதிர்ந்தால் உப்பு வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். காற்றில் வரும் உப்பு, ஈரத்தை இழுத்துக்கொண்டு எப்போதும் நசநசவென்றே இருக்கும். தாமிரக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் அந்த ஈரம் தங்கினால் அலுமினியம்தான் முதலில் கரையும். கீழ் மூலைகளையும் கடலைப் பார்த்த பக்கத்தையும் கவனமாகப் பாருங்கள்.

அடுத்து, காயிலின் ஓரத்தில் குழாய் வளைந்து திரும்பும் இடங்கள். அங்கே ஒரு ரூபாய் அளவுக்காவது கறுப்பாக, பிசுக்காக எண்ணெய்க் கறை இருந்தால் அதை உடனே படம் எடுங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சுற்றுகிறது. ஓட்டை விழுந்தால் கேஸ் காற்றில் போய்விடும், ஆயில் அங்கேயே கசிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். வருகிற மெக்கானிக்கிடம் முதலில் காட்ட வேண்டியது இந்தப் படத்தைத்தான்.

உள்ளே, காற்று வரும் வாய்க்குள் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உருளை வடிவத்தில் பிளோயர் தெரியும். அதன் இதழ்களில் கறுப்புக் கறுப்பாக அப்பியிருந்தால் அது பூஞ்சணம். ஏசி போட்டதும் வரும் புழுங்கல் வாடைக்கும், காலையில் எழுந்ததும் குழந்தைகளுக்கு வரும் தும்மலுக்கும் இது காரணமாக இருக்கலாம். ஃபில்டரை மட்டும் கழுவி இது போகாது.

குளிர் குறைவு என்றால் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். தூசி அடைத்தாலும் குழாயில் ஐஸ் கட்டும், கேஸ் குறைந்தாலும் கட்டும். ஃபில்டர் சுத்தமான பிறகும் ஐஸ் கட்டினால் ஆளைக் கூப்பிடுங்கள்.

3. ஆளைப் பிடிப்பது

இணையத்தில் கம்பெனி பெயரையும் ஊர்ப் பெயரையும் போட்டுத் தேடினால் முதலில் வரும் எண்கள் பல, கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாதவை. "நாங்கதான் சர்வீஸ் சென்டர்" என்று பேசுவார்கள். வாரண்டி இருக்கும் ஏசிக்கு, கார்டில் அச்சடித்திருக்கும் எண் அல்லது கம்பெனியின் சொந்த ஆப் வழியாக மட்டும் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரண்டி முடிந்துவிட்டது என்றால் உள்ளூர் மெக்கானிக் போதும். பல நேரம் அவர்தான் மேல், ஏனென்றால் இந்த ஊர் உப்பை அவர் தினமும் பார்க்கிறார். போனிலேயே இவற்றைக் கேட்டுவிடுங்கள் (எதற்கென்று ஆறாம் பகுதியில் சொல்கிறேன்): நைட்ரஜன் சிலிண்டர் இருக்கிறதா? வேக்யூம் பம்ப் இருக்கிறதா? கேஸை எடை மெஷினில் வைத்து ஏற்றுவாரா? பில் தருவாரா? வந்து பார்ப்பதற்கு எவ்வளவு, வேலை செய்தால் அந்தத் தொகை கழியுமா?

முதல் மூன்றில் ஒன்றுக்கு "அதெல்லாம் தேவையில்லண்ணே" என்று பதில் வந்தால், கழுவும் வேலைக்கு மட்டும் அவரைக் கூப்பிடுங்கள். கேஸ் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வந்து பார்க்க 300 முதல் 500 ரூபாய் வரை கேட்கிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் தாண்டித் தீவுக்குள் வர வேண்டும் என்றால் கூடுதலாகக் கேட்பது நியாயமே, ராமேஸ்வரம்வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில் வரச் சொன்னால் அந்தச் செலவு பகிர்ந்துபோகும்.

4. எப்போது செய்ய வேண்டும்

பங்குனி, சித்திரையில் ஏசி கெட்டால் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் அவசரமாகச் செய்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். முதல் முழுச் சுத்தத்தைத் தை, மாசியிலேயே முடித்துவிடுங்கள். வாடைக்காலத்து மழையும் ஓய்ந்திருக்கும், மெக்கானிக்கும் நிதானமாக வேலை செய்வார்.

இரண்டாவது சுத்தம் கச்சான் காற்று அடங்கிய பிறகு, புரட்டாசி வாக்கில். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று மணலையும் உப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். அதை அப்படியே விட்டு ஐப்பசி மழை ஈரத்தையும் அதன்மேல் சேர்த்தால் காயில் தாங்காது. மன்னார் வளைகுடாப் பக்கம் இருக்கும் கீழக்கரை, ஏர்வாடி வீடுகளுக்குக் கச்சான் காலம்தான் மோசம். பாக் ஜலசந்தியைப் பார்த்திருக்கும் தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வாடைக்காற்றில் கூடுதல் கவனம் வேண்டும். மண்டபம், பாம்பன்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கடல் என்பதால் இரண்டு காலமும் கணக்கில் உண்டு.

தீவில் இருப்பவர்கள் தை அமாவாசை, ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் தேதி கேட்காமல் இருப்பது நல்லது. லாட்ஜ் எல்லாம் நிரம்பி, மெக்கானிக்குகள் அங்கேயே நிற்பார்கள்.

5. கழுவும் நாள்: எந்தத் தண்ணீர் என்பதுதான் முதல் கேள்வி

வெளியூர் வழிகாட்டிகளில் இது இருக்காது, ஆனால் நம் கடலோரத்தில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. மெக்கானிக் வருவார், ஜெட் பம்பின் குழாயைப் பாத்ரூம் பைப்பில் மாட்டுவார். அந்த பைப்பில் வருவது போர் தண்ணீர். இங்கே பல தெருக்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. உப்பைக் கழுவ வந்தவர் உப்புத் தண்ணீரையே அழுத்தத்தோடு ஃபின்னுக்குள் அடித்துவிட்டுப் போவார். அன்றைக்கு ஏசி நன்றாகவே குளிரும். உள்ளே காய்ந்த உப்பு அடுத்த மாதங்களில் தன் வேலையைச் செய்யும்.

அதனால் முந்தின நாளே நாலைந்து குடம் நல்ல தண்ணீர் பிடித்து ஒரு டிரம்மில் வையுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெரு என்றால் அது போதும். இல்லையென்றால் லாரித் தண்ணீர். ஜெட் பம்பின் உறிஞ்சு குழாயை அந்த டிரம்மில் போடச் சொல்லுங்கள். எல்லா பம்பும் டிரம்மிலிருந்து இழுக்காது என்பதால் இதையும் போனிலேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீரில் சந்தேகம் இருந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீருக்கான இந்திய தர அளவில் விரும்பத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதற்குள் காட்டினால் தயங்காமல் கழுவலாம். ஆயிரக்கணக்கில் காட்டும் தண்ணீரைக் காயில் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியவை:

பிரேக்கரை அணைத்த பிறகே மூடியைக் கழற்ற வேண்டும், ரிமோட்டில் அணைத்தால் போதாது. போர்டு இருக்கும் பக்கத்தைப் பிளாஸ்டிக் போட்டு நன்றாக மூட வேண்டும். உள்யூனிட்டுக்குக் கீழே தண்ணீர் பிடிக்கும் பையைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் பழைய சுண்ணாம்புச் சுவர் ஊறி உரியும். பிளோயரில் அப்பியிருப்பது வெறும் தண்ணீர் அடித்துப் போகவில்லை என்றால் பிளோயரைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதல் காசு கேட்பார்கள், கொடுக்கலாம்.

அவுட்டோரில் தண்ணீரை உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் அழுக்கு உள்ளேயே போய் இறுகும். இதற்கு மேல்மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றாமல் "அப்படியே அடிச்சா போதும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜெட்டைச் சாய்த்துப் பிடித்தால் ஃபின் மடங்கிவிடும், நேராகத்தான் பிடிக்க வேண்டும்.

ஆசிட் கலந்த திரவத்தை மட்டும் அனுமதிக்கவே கூடாது. அடித்ததும் நுரைத்துப் பளபளவென்று ஆகும், பார்க்க ஆசையாக இருக்கும். அந்தப் பளபளப்பு அலுமினியத்தின் மேல்தோல் கரைந்ததால் வருவது. கம்பெனிகள் ஃபின்மேல் பூசியிருக்கும் நீலப் பூச்சும் அதோடு போய்விடும். காயிலுக்கென்றே விற்கும் மிதமான ஃபோம் போதும், அதையும் நல்ல தண்ணீரால் முழுக்க அலச வேண்டும்.

முடிந்ததும் உள் ட்ரேயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, வெளியே வடிகுழாயில் வருகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் வடிகுழாயை எங்கேயோ வளைத்து விட்டிருப்பார்கள். சுவரில் ஈரம் இறங்குவதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

சாதாரணத் தண்ணீர் சர்வீஸுக்கு எங்கள் பக்கம் இப்போது 600 முதல் 900 ரூபாய், ஃபோம் போட்டு ஜெட் அடிக்க 1,000 முதல் 1,500, பிளோயரைக் கழற்றிச் செய்ய 2,000 பக்கம் வாங்குகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் ஒரு ஏசிக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

இடைப்பட்ட மாதங்களில் நீங்களே செய்ய வேண்டியது: பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டர், மாதம் ஒருமுறை பிரேக்கரை அணைத்துவிட்டு அவுட்டோரின்மேல் மெதுவாக ஒரு குடம் நல்ல தண்ணீர். கச்சான் காலத்தில் மாதம் இரண்டுமுறை. இரவு அணைப்பதற்கு முன் கால் மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டினால் உள்காயில் காய்ந்து பூஞ்சணம் குறையும். துருப்பிடிக்காமல் இருக்கக் காயிலில் எண்ணெய் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். தூசியும் உப்பும் அதில்தான் போய் ஒட்டும்.

6. "கேஸ் கம்மியா இருக்குண்ணே" என்றால்

நிறையப் பேர் காசை இழப்பது இங்கேதான். ஏசியில் கேஸ் தீர்ந்துபோவது கிடையாது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை, அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடித்தால் சில வாரம், சில மாதம் குளிரும், அப்புறம் பழைய கதைதான். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்துகொண்டிருந்தவர் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்தில் கேஸ் அடித்து, காசு வாங்கிப் போனார். கடைசியில் வேறொருவர் வந்து சோப்பு நுரை போட்டுப் பார்த்தபோது, அவுட்டோர் காயிலின் கீழ் வளைவில் ஊசிமுனை ஓட்டையிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. கேஸுக்கு அதுவரை கொடுத்த பணத்தில் பாதிக் காயில் வாங்கியிருக்கலாம்.

சரியான வரிசை இது. இதில் எதையும் தாண்டவிடாதீர்கள்.

முதலில் மீட்டர் மாட்டி அழுத்தம் பார்ப்பார். குறைவு என்று உறுதியானால், மீதி கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்ற வேண்டும். பிறகு இணைப்பு நட்டுகள், வளைவுகள், உள்காயில், வெளிக்காயில் என்று எல்லா இடத்திலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழ் வரும் இடத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். பற்றவைத்து அடைத்த பிறகு மறுபடி நைட்ரஜன் ஏற்றி, அரை மணி நேரமாவது முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் வேக்யூம் பம்ப், அதுவும் ஓர் அரை மணி நேரம். உள்ளே தங்கும் காற்றும் ஈரமும் கம்ப்ரசரைத் தின்றுவிடும் என்பதால் இதை வீணான வேலை என்று நினைக்க வேண்டாம். கடைசியில் சிலிண்டரை எடை மெஷினில் வைத்து, ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு கேஸ். குழாய் வழக்கத்தைவிட நீளம் என்றால் கம்பெனி சொல்லும் அளவு கொஞ்சம் கூடும்.

இதற்கெல்லாம் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அரை மணி நேரத்தில் முடிந்தால் ஓட்டை பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு எச்சரிக்கைகள். நைட்ரஜன் இல்லையென்று ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டி அழுத்தம் ஏற்ற யாராவது முயன்றால் உடனே நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் ஆயிலும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். இரண்டாவது, இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர் 32 கேஸ், சிலவற்றில் ஆர் 290. ஆர் 32 தீப்பிடிக்கக் கூடியது. ஆர் 290 என்பது புரொபேன், அடுப்பு கேஸின் இனம். இவை உள்ளே இருக்கும்போது நெருப்பு வைக்கக் கூடாது. அறையின் ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள், பூஜை அறை விளக்கையும் அப்போதைக்கு அணைத்துவிடுங்கள்.

இன்னொரு பொறி, கேஸ் மாற்றி அடிப்பது. ஆர் 32 ஏசியில் ஆர் 22 போன்ற வேறு கேஸைக் கலந்துவிட்டால் கம்ப்ரசர் நிலைக்காது. சிலிண்டரின்மேல் எழுதியிருப்பதும் உங்கள் ஸ்டிக்கரில் இருப்பதும் ஒன்றா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

ஓட்டை அடைத்து, முழு கேஸ் ஏற்ற 3,000 முதல் 4,500 ரூபாய் வரை கேட்கிறார்கள். அதில் கேஸுக்கு எவ்வளவு, பற்றவைத்ததற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். கேஸ் வேலைக்குக் குறைந்தது மூன்று மாதம் உத்தரவாதம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஓட்டையை ஒழுங்காக அடைத்தவர் தயங்க மாட்டார்.

7. காயிலை மாற்றுவதா, ஏசியையே மாற்றுவதா

ஓர் ஓட்டை, ஃபின் இன்னும் உறுதியாக இருக்கிறது என்றால் பற்றவைப்பது போதும். ஃபின் தொட்டாலே உதிர்கிறது என்றால் இன்று ஒன்றை அடைத்தால் அடுத்த மாதம் வேறொன்று திறக்கும். அந்த நிலையில் பற்றவைக்கப் பணம் போடாதீர்கள்.

1.5 டன் ஏசிக்குக் காயில் மாற்ற, கேஸோடு சேர்த்து 9,000 முதல் 15,000 ரூபாய்வரை ஆகலாம். புதிய 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி 33,000-லிருந்து தொடங்குகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதையும் கணக்கில் சேருங்கள். என் கணக்கு இது: ஏசிக்கு ஐந்து வயதுக்குள், கம்ப்ரசர் வாரண்டியும் இருக்கிறது என்றால் காயில் மாற்றலாம். ஏழெட்டு வயது தாண்டிவிட்டது, அல்லது ஆர் 22 கேஸில் ஓடும் பழைய ஏசி என்றால் அதன்மேல் பெரிய செலவு வேண்டாம்.

காயில் மாற்றினால் தாமிரக் காயில் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன்பே அரிப்புத் தடுப்புப் பூச்சு அடித்துக்கொள்வது நல்லது. புதுக் காயிலில் அடித்தால்தான் அதற்குப் பலன், அரித்துப்போனதன்மேல் அடிப்பது வீண். சாதாரண பெயிண்ட் கூடாது, சூடு வெளியேறாது. காயில் உள்ளூரில் இருப்பு இருக்காது, மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் பொறுக்க வேண்டியிருக்கும். முன்பணம் கொடுத்தால் தேதியோடு ரசீது வாங்குங்கள். கழற்றிய பழைய தாமிரக் காயில் உங்களுடையது, எடைக்குப் போட்டால் நல்ல காசு. மெக்கானிக் எடுத்துக்கொள்வதாக இருந்தால் கூலியில் கழித்துக்கொள்ளப் பேசுங்கள்.

8. பழைய சுவர், சன்ஷேடு, வயரிங்

அவுட்டோர் யூனிட் முப்பது கிலோ பக்கம் இருக்கும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அதை ஜன்னல் சன்ஷேடின் மேலேயே தூக்கி வைத்திருப்பார்கள். சன்ஷேடின் அடிப்பக்கம் அண்ணாந்து பாருங்கள். காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா, துருவின் சிவப்புக் கோடு இறங்கியிருக்கிறதா? இருந்தால் யூனிட்டை அங்கிருந்து எடுத்த பிறகுதான் மற்ற வேலை. கீழே குழந்தைகள் விளையாடும் இடம் அது.

தரையில் மேடை கட்டி வைக்க இடமிருந்தால் அதுதான் நல்லது. இல்லையென்றால் சுவர் ஸ்டாண்டு. சாதாரண இரும்பு ஸ்டாண்டு பெயிண்ட் அடித்திருந்தாலும் இங்கே சீக்கிரம் இற்றுப்போகும். துத்தநாக முலாம் பூசிய ஜிஐ ஸ்டாண்டு அல்லது எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ஸ்டாண்டு வாங்கி, நட்டு போல்ட்டையும் எஸ்எஸ்ஸிலேயே கேளுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சாதாரண ஃபாஸ்ட்னர் பிடிக்காது. சுவரைத் துளைத்து மறுபக்கம் பிளேட் வைத்து முடுக்க வேண்டும். கடலைப் பார்த்த சுவரைத் தவிர்த்து, வீட்டின் மறைவில் வையுங்கள். அதற்காக நாலு பக்கமும் தடுப்புக் கட்டி மூச்சை அடைத்துவிடாதீர்கள்.

வயரிங்குக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேண்டும். மெயின் பெட்டியிலிருந்து ஏசிக்குத் தனி லைன், 1.5 டன்னுக்கு 4 சதுர மி.மீ. தாமிர வயர், 20 ஆம்பியர் எம்சிபி (லைனுக்கான பிரேக்கர்), வீட்டுக்கு ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானே அணையும் பிரேக்கர்). விளக்குக்காக முப்பது வருடம் முன்பு இழுத்த வயரில் ஏசியை மாட்டவே கூடாது. எர்த் குழியில் கம்பி அரித்து அறுந்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கூடுதல் ஏசி வாங்குவதாக இருந்தால், மின் வாரியத்தில் வாங்கியிருக்கும் லோடு போதுமா என்று அட்டையில் பார்த்து, போதாவிட்டால் சர்வீஸ் எண்ணோடு கூடுதல் லோடுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

அவுட்டோருக்குள் பல்லி புகுந்து போர்டு எரிவது அடிக்கடி நடக்கிறது. வயர் நுழையும் ஓட்டையை அடைத்துவிடச் சொல்லுங்கள், செலவு ஒன்றும் இல்லை.

9. ரசீதும் புகாரும்

பில்லில் தேதி, ஏசியின் சீரியல் நம்பர், செய்த வேலை, மாற்றிய பாகம், ஏற்றிய கேஸின் வகை, எடை, உத்தரவாதக் காலம், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். அச்சடித்த பில் இல்லாத சிறிய மெக்கானிக் என்றால், அவர் கையால் எழுதிய தாளும் வாட்ஸ்அப் செய்தியும் போதும். பணத்தை ரொக்கமாகத் தராமல் போன் வழியாக அனுப்புங்கள், அதுவும் ஒரு சாட்சி.

செய்த வேலை கெட்டு, கூப்பிட்டால் வரவில்லை என்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலவசம், தமிழிலும் பேசலாம். கம்பெனி சம்பந்தப்பட்ட புகார்கள் பல, அங்கே பதிந்ததுமே நகரத் தொடங்கிவிடும். அதிலும் தீரவில்லை என்றால் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இணையம் வழியாகவும் மனு தாக்கல் செய்யலாம்.

மனுவோடு பில், வாரண்டி கார்டு, புகார் எண்கள், செய்திப் பரிமாற்றத்தின் பிரதி, எண்ணெய்க் கறையும் சோப்புக் குமிழும் தெரியும் படங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். கழற்றிய காயிலோ போர்டோ கையில் இருந்தால் அதைச் சாக்கில் கட்டி, சீரியல் நம்பர் எழுதிய சீட்டு ஒட்டிப் பத்திரப்படுத்துங்கள். விசாரணை முடியும்வரை பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.